ஏரின் பெயர் பூண்ட நாடு

வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் ஆண்டுதோறும் நம்மவர் பலர் தென்னிந்திய யாத்திரை செய்து மீள்கின்றனர். அவர்கள் செல்லும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். சென்னையிலே இறங்குவர், துணிமணி வாங்குவர், சிதம்பரம், தஞ்சை, மதுரை, இராமேசுவரம் என்று தலங்களைத் தரிசித்து, ஈற்றிலே கன்னியாகுமரியை அடைவர். அங்கே ஓரிரவு தங்கி, வைகறையில் எழுந்து சூரியோதயங் கண்டு, விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி உயர வள்ளுவர் சிலைக்கும் படகிலே சென்று வந்து, மாலையிலே மதுரைக்குப் புகையிரதம் ஏறிவிடுவர். அப்பொழுது சாளரத்துக்கு வெளியே ஒரு மணி நேரத்துக்குள் ஓடி மறைகின்ற நாடு எது என்று கேட்டவர் நூற்றுக்கு ஒருவரேனும் இருப்பரோ என்பது ஐயமே. இவ்வாரம் அந்த நாட்டைப் பற்றி எழுதக் கருதினோம்.

நாஞ்சில் நாடு என்பது அதன் பழம் பெயர். நாஞ்சில் என்றால் கலப்பை. ஏருழவையே பெயராகக் கொண்ட நாடு தமிழ் நிலத்தில் இஃதொன்றே என எண்ணுகிறோம். வடக்கிலும் கிழக்கிலும் மேற்கு மலைத்தொடரின் கடைசிக் குன்றுகள். தெற்கிலும் மேற்கிலும் கடல். மலைத்தொடரின் தென்கோடிச் சிகரங்களுள் ஒன்றாகிய மகேந்திரகிரி 1,654 மீற்றர் உயரம். அத்தனை உயர்ந்த மலையின் அடிவாரத்திலிருந்து காலையிலே நடக்கத் தொடங்கியவன் பொழுது சாய்வதற்குள் கடலிலே காலை நனைத்துவிடலாம். இத்தாலி தேசத்திலே ஜெனோவா நகரைச் சூழ்ந்த லிகூரியாப் பகுதியும் இப்படித்தான் மலையும் கடலும் நெருக்க நடுவிலே ஒரு கச்சைபோல் கிடக்கிறதாம். அங்கும் கடற்கரையைக் காண வருவோர் பலர். உள்நாட்டை அறிந்தோர் சிலர்.

கண்டிப்பாகச் சொல்வதாயின், தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு தாலுகாக்களே நாஞ்சில் நாடு. கல்குளமும் விளவங்கோடும் பழைய வேணாட்டைச் சேர்ந்தவை. இந்நான்கும் சேர்ந்ததே இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். நாகர்கோவில் அதன் தலைநகர். பேச்சு வழக்கிலே மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்றே பலரும் குறிப்பதனால், நாமும் அவ்வழக்கையே கைக்கொள்கிறோம்.

கொழும்பிலிருந்து செல்பவருக்கு அந்த நாடு அந்நியமாகத் தோன்றுவதில்லை. தென்னையும் பலாவும் கமுகும் றப்பர்த் தோட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று ஆகிய இரண்டும் அங்கே மழை பொழிகின்றன. இதனால் ஆண்டிலே இரு போகம். சித்திரையில் விதைத்துப் புரட்டாதி வாக்கில் அறுப்பது கன்னிப்பூ. அதன்பின் பயிரிட்டு மாசியில் அறுப்பது கும்பப்பூ. நமது சிறுபோகமும் பெரும்போகமும் அங்கே வேறு பெயரோடு உலவுகின்றன என்று கொள்ளலாம். மரவள்ளிக் கிழங்கை அவித்து மீன்கறியோடு உண்பதையும், புட்டில் தேங்காய்ப்பூவைத் தாராளமாக இடுவதையும் கண்டால், யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்ற மயக்கம் உண்டாகும்.

நாஞ்சிலின் பெயர் சங்கத் தொகையிலேயே உண்டு. அந்நாட்டை ஆண்ட நாஞ்சில் வள்ளுவன் என்னும் சிற்றரசனைப் புறநானூற்றுப் பாடல்கள் போற்றுகின்றன. சமைத்த கீரையோடு கலந்துண்பதற்குச் சிறிது அரிசி கேட்ட ஔவைக்கு அவன் ஓர் யானையையே கொடுத்தானென்றும், இப்படியும் ஒரு கொடைமடம் உண்டோ என அவர் வியந்தாரென்றும் அங்கே படிக்கிறோம். கிரேக்க மாலுமிகளும் குமரியை அறிவர். அங்கே நீராடித் தவமிருக்க மக்கள் வருவதைப் பெரிப்புளூஸ் என்னும் கடற்செலவு நூல் குறிப்பிடுகின்றது.

இனி, அந்த நாட்டின் வாயிலுக்கு வருவோம். கிழக்கே மலைகள் சற்றே விலகி வழிவிடும் இடத்துக்கு ஆரல்வாய்மொழி என்று பெயர். பாண்டிய நாட்டிலிருந்து வந்த படைகள் எல்லாம் இவ்வழியாகவே வந்தன. இன்றைக்கு இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் அதனூடே செல்கின்றன. கணவாயிலே ஓயாது வீசும் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கும் காற்றாலைகள் ஆயிரக்கணக்கிலே சுழல்கின்றன. 1809ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி, வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை இங்கிருந்த கோட்டை அரண்களைத் தகர்த்தே திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. வேலுத்தம்பி இந்நாட்டுத் தலக்குளத்திலே பிறந்தவர்.

கணவாய் வழியே வந்தவர்களிலும் கடல்வழியே வந்தவர்களின் கதைதான் நமக்கு அணுக்கமானது. அதிலே கொழும்புக்கும் பங்குண்டு.

1736 முதல் 1740 வரை இலங்கையிலே ஒல்லாந்தரின் தேசாதிபதியாக இருந்தவர் வான் இம்ஹொப். அக்காலத்திலே திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்டவர்மர். சிறு சிறு நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொண்டு அவர் வடக்கே நகர நகர, மிளகு வாணிபத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த ஒல்லாந்தருக்கு அச்சம் பிடித்தது. வான் இம்ஹொப் 1739இல் நேரே சென்று மன்னரை மிரட்டிப் பார்த்தார், பயன் விளையவில்லை. பின்னர் இலங்கையிலிருந்து கப்பல்களிலே படை சென்றது. நாகர்கோவிலுக்கு மேற்கேயுள்ள குளச்சல் துறையிலே இறங்கி, கரையோர ஊர்களைப் பிடித்துக்கொண்டு, உள்ளே முன்னேறலாயிற்று. 1741ஆம் ஆண்டு ஓகஸ்டு 10ஆந் திகதி குளச்சலிலே அந்தப் படை முறியடிக்கப்பட்டது. ஐரோப்பியக் கம்பனி ஒன்றை இந்திய மன்னர் ஒருவர் இவ்வளவு தெளிவாகத் தோற்கடித்த நிகழ்ச்சிகள் வரலாற்றிலே மிகச் சிலவே.

அவ்வூர் மீனவர்கள் சொல்லும் கதை ஒன்றுண்டு. மன்னரிடம் போதிய துப்பாக்கிகள் இல்லாமையால், தாங்கள் துடுப்புகளைத் தோளிலே சாத்திக் கரை நெடுக அணிவகுத்து நின்றதாகவும், தூரத்திலே கப்பலிலிருந்து பார்த்த ஒல்லாந்தர் அதனைப் பெரும் சேனை என்று மருண்டதாகவும் கூறுவர். செவிவழிக் கதைதான், ஆயினும், போரின் பெருமையை மன்னருக்கும் தளபதிகளுக்கும் மட்டும் விட்டுவிட அவர்களுக்கு மனமில்லை என்பது அதனால் விளங்குகின்றது. குளச்சலிலே கடலை நோக்கி இன்றும் ஒரு வெற்றித் தூண் நிற்கின்றது.

போர் நடந்தபோது மலையாளக் கரையிலே ஒல்லாந்தரின் தலைமை அதிகாரியாகக் கொச்சியில் இருந்தவர் ஸ்டைன் வான் கொலெனெஸ் என்பவர். அந்தத் தோல்விக்குப் பின் இரண்டாண்டில், 1743இல், அவர் இலங்கையின் தேசாதிபதியாகி வந்தார். கொட்டாஞ்சேனை வாசகர்கள் சற்றுப் பொறுத்து இதனைப் படிக்கவேண்டும். வுல்பெண்டால் மேட்டின்மேல், தடித்த சுவர்களோடு சிலுவை வடிவிலே நிற்கும் பழைய ஒல்லாந்த தேவாலயத்தை நீங்கள் நாடோறும் கடந்து செல்கின்றீர்கள் அல்லவா? அதனைக் கட்டத் தொடங்கியது 1749இல், இந்தக் கொலெனெஸின் ஆட்சியிலேதான். வேலை 1757இல் நிறைவுற்றது. இடையிலே 1753இல், திருவிதாங்கூரின் விவகாரங்களில் இனித் தலையிடுவதில்லை என்று ஒல்லாந்தக் கம்பனி மாவேலிக்கரையில் உடன்படிக்கை செய்து கொடுத்தது.

குளச்சலிலே சிறைப்பட்டவர்களுள் டி லனாய் என்னும் அதிகாரி ஒருவர். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்கு ஆசானாக்கினார். 'வலிய கப்பித்தான்' என்று நாட்டார் அழைத்த அவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றி, உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தி, 1777இல் அங்கேயே இறந்தார். கோட்டைக்குள்ளே பாழடைந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கின்றது. அதன்மேலுள்ள எழுத்து இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. மலையாள மன்னருக்குப் பணி செய்த ஐரோப்பியரின் கல்லறையிலே தமிழ்! அந்நாட்டின் மொழி அன்று எது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

டி லனாயின் பழக்கத்தினாலே கிறிஸ்தவரானவர் நட்டாலத்து நீலகண்டபிள்ளை என்னும் அரண்மனை அலுவலர். 1745இல் வடக்கன்குளத்திலே ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் எனப் பெயர் பூண்ட அவரை, 1752 ஜனவரியிலே ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையிற் சுட்டுக் கொன்றனர். 2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். கோட்டாறு சவேரியார் ஆலயத்திலே அவருடைய கல்லறையைக் காணலாம்.

உதயகிரிக்கு அணித்தே பத்மநாபபுரம். 1795ஐ ஒட்டித் திருவனந்தபுரத்துக்குத் தலைநகர் மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர் வாழ்ந்த அரண்மனை அங்கே உளது. கல்லிலே கோட்டை கட்டிய நாட்டில் மரத்தாலே அரண்மனை! தேக்கும் பலாவும் கொண்டு இழைத்த கூரைகள், கண்ணாடிபோல் மின்னும் கரிய தரை, வெயில் நுழையாது காற்று மட்டும் நுழையும் சாளரங்கள். தரைக்குச் சுண்ணாம்போடு சிரட்டைக் கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்தனர் என்பர். வியப்பான செய்தி வேறொன்று. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டிலே. அதனை நிருவகிப்பது கேரள அரசு. 1956இலே எல்லை வகுத்தபோது நிலம் ஒரு பக்கமும் வீடு மற்றொரு பக்கமுமாகப் பிரிந்த பாகப்பிரிவினை அது.

இவ்வளவும் மன்னரும் கப்பித்தானும் பற்றிய கதை. ஆனால் நாஞ்சில் நாட்டின் உண்மையான சரித்திரத்தை அரண்மனையிலே தேடுவது வீண். மிளகையும் நெல்லையும் விளைவித்தவர்கள் அந்நாட்டிலே எப்படி வாழ்ந்தனர் என்பதை அறிந்தால் நெஞ்சு பதறும்.

பனை ஏறும் சாணார் குலத்துப் பெண்களும், அவர்களிலும் தாழ்த்தப்பட்ட மற்றக் குலத்துப் பெண்களும் மார்பை மூடலாகாது என்பது அங்கே வழக்கம். மேலோர் முன்னிலையிலே மார்பு திறந்து நிற்பதே மரியாதை எனப்பட்டது. கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் சட்டையை அணியலாயினர். 1822 தொடக்கம் சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்களுடைய சட்டைகள் கிழித்தெறியப்பட்டன. சிற்றாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1828இலும் 1858இலும் கலகம் மீண்டும் மூண்டது. மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரு முழத் துணிக்காக அடிபட்டனர். சென்னையிலிருந்த ஆங்கில ஆளுநரின் நெருக்குதலும் சேர, 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி மன்னர் அனுமதிப் பிரகடனம் வெளியிட்டார். அதிலும் ஒரு கொக்கி இருந்தது: மேற்குலப் பெண்கள் உடுக்கும் முறையிலே உடுக்கலாகாது! துணியைக் கொடுத்தவர்களுக்கு மடிப்பைக் கொடுக்க மனம் வரவில்லை.

அந்நாட்களிலே திருநெல்வேலியிலும் தென் திருவிதாங்கூரிலும் வறுமை பொறாது, இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர்களும் உண்டு. அப்படி வந்தோரின் சந்ததியார் சிலர் இதனைப் படிக்கவும் கூடும்.

நாகர்கோவிலிலே 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் மால்ட் அம்மையார் என்னும் மிசனரியின் மனைவி, ஏழைப் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக் கொடுத்தார். பொன் சரிகையன்று, நூலாலே பின்னும் ஐரோப்பிய 'லேஸ்'. அதனை விற்ற காசைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றனர். ஆம், அடிமைகள்தாம், திருவிதாங்கூரிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இலேதான். நமது பெண்மணிகள் பெட்டகத்திலே நாகர்கோவில் லேஸ் பழையது ஏதேனும் இருந்தால் அதனைச் சற்று மரியாதையோடு மடித்து வைப்பார்களாக.

மிசனரிகளைச் சாராமலும் ஒரு குரல் எழுந்தது. சாமித்தோப்பிலே 1809இல் பிறந்த வைகுண்டசாமி, தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டியே வழிபட வரச் சொன்னார். எல்லாக் குலத்தாரும் நீர் முகக்கும் கிணறு ஒன்றை வெட்டுவித்தார். வழிபாட்டிடத்திலே விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்தார். மன்னர் அவரைச் சிறையிலிட்டு வைத்திருந்து பின்னர் விடுவித்தார். அந்தப் பதிகளிலே ஆடவர் இன்றும் தலைப்பாகையோடுதான் வணங்குகின்றனர்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் இசைத்தூண்களையும் பதினெட்டடி அனுமாரையும் வழிகாட்டிகள் காட்டுவார்கள். அவர்கள் காட்டாத செய்தி, அக்கோவிலைச் சூழ்ந்த தெருக்களிலே நடக்கும் உரிமைக்காக 1926இலே சத்தியாக்கிரகம் நடந்தது என்பது. 1936 நவம்பர் 12ஆந் திகதி திருவிதாங்கூர் மன்னர் ஆலயப்பிரவேசப் பிரகடனம் செய்தபின்னரே கதவு திறந்தது; அடுத்த ஜனவரியிலே காந்தியடிகள் அங்கே வந்து வணங்கினார்.

உயர்ந்தோர் வீடுகளிலும் துயரம் இல்லாமலில்லை. நாஞ்சில் வேளாளரிடையே மருமக்கள்வழித் தாயம் நிலவிற்று. தந்தையின் சொத்து பெரும்பாலும் மகனுக்கன்றி, அவர் சகோதரியின் மக்களுக்கே செல்லும். மட்டக்களப்பு முக்குவரின் பழைய தாய்வழி உரிமையை அறிந்த நம்மவர்க்கு இது புதிதன்று. ஆனால் நாஞ்சில் நாட்டிலே கணவன் இறந்த மறுநாளே மனைவியும் மக்களும் வீதிக்கு வந்துவிடும் நிலை உண்டாயிற்று. தேரூரிலே பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954) இதனை எள்ளி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். ஒரு பெண் தன் கதையைத் தானே கூறும் பாட்டு. சிரித்துக்கொண்டே படித்துச் செல்வோம், முடிவிலே சிரிப்பு அடங்கிவிடும். 1926இலே நாஞ்சில் வேளாளர் சட்டம் பிறந்தது. நகைச்சுவையால் ஒரு சட்டத்துக்கு வழி பிறந்தது என்று சொன்னால் மிகையாகலாம். ஆயினும் அதே மண்ணிலிருந்துதான் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் வந்தார் என்பதை மறக்க முடியவில்லை. பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்த பூதப்பாண்டியும் இந்நாட்டு ஊரே.

இறுதியாக மொழியின் போராட்டம். தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டுமென மார்சல் நேசமணியின் தலைமையிலே கிளர்ச்சி நடந்தது. 1954 ஓகஸ்டு 11ஆந் திகதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பொலிசார் சுட்டதிலே உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் முதலாந் திகதி இணைப்பு நிறைவேறிற்று. துணிக்கும் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகப் போராடிய அந்த மாவட்டம், 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே நூற்றுக்கு 91.75 பேர் எழுத்தறிந்தவர் என்று தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது.

ஆனால் பெயருக்குரிய ஏர்தான் இன்று அங்கே அருகி வருகின்றது. 1906இலே கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணை, மலைநீரைத் தடுத்து வயல்களுக்கு விடுகின்றது. அதனை எழுப்பிய பொறியியலாளர் மிஞ்சின் துரை அணைக்கருகிலேயே அடக்கமாகியிருக்கிறார். 1966இலே எழுந்த மாத்தூர்த் தொட்டிப்பாலம், 115 அடி உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டி வாய்க்காலைக் கொண்டுசெல்கின்றது. நீருக்கு இவ்வளவு ஏற்பாடு இருந்தும், வயல்களிலே தென்னையும் வாழையும் றப்பரும் ஏறின. அவற்றின்மேல் வீடுகள் ஏறின. நாகர்கோவிலைச் சுற்றிலும் வயலுக்கு மண் கொட்டி மேடாக்கும் காட்சியை நாம் பார்க்கும்போது, வெள்ளவத்தைக் கால்வாய்க் கரைகளிலே இருந்த சதுப்பும் வயலும் நினைவுக்கு வராமலிருக்குமா? ஒரு நற்செய்தி: சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இலே ராம்சார் பட்டியலிலே சேர்க்கப்பட்டன. தூரதேசத்துப் பறவைகள் வந்திறங்கும் அக்குளங்களை இனி எளிதிலே தூர்க்கவியலாது.

கடற்கரையோரின் துயரத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி நம் கரைகளை விழுங்கிய அதே அலை குளச்சலையும் மணக்குடியையும் விழுங்கிற்று. 2017 நவம்பர் இறுதியிலே வீசிய ஒக்கிப் புயலில், ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவேயில்லை.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். சென்னை வழியாகச் சுற்றிச் செல்வதினும் திருவனந்தபுரம் வழியே செல்வது சுருக்கம். அங்கிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். வழியிலேயே பத்மநாபபுரமும் உதயகிரியும் வருகின்றன. திங்கட்கிழமைகளிலே அரண்மனை மூடியிருக்கும். குளச்சல் தூணுக்கு வழி கேட்டால் மீனவச் சிறுவர்களே கூட்டிச் செல்வார்கள். தோவாளைப் பூச்சந்தையைக் காண விரும்புவோர் விடியுமுன் எழுந்திருக்கவேண்டும். வெயில் ஏறியபின் போனால், பூக்களெல்லாம் மலையாளத்துக்கும் மதுரைக்கும் வண்டி ஏறியிருக்கும்.